மொரெனாடா: முகமூடிக்குள் ஒரு பெயர்

பொலிவியாவின் மேற்கு மலைப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீற்றர் உயரத்தில் உள்ளது ஒரூரோ என்னும் சுரங்க நகரம். ஆண்டுதோறும் கிறிஸ்தவரின் தவக்காலத்துக்கு முந்திய சனிக்கிழமை, சுரங்கத்து மாதாவின் ஆலயத்தை நோக்கி அங்கே பெரும் ஊர்வலம் புறப்படும். 28,000 நடனக்காரர், 10,000 இசைஞர். வழி 4 கிலோமீற்றர்தான் என்றாலும், ஆட்டம் ஓய ஏறத்தாழ 20 மணித்தியாலங்கள் ஆகும்.

ஸ்பானியர் 1606இல் அங்கு நகர் அமைப்பதற்கு முன்பே அது ஊரு மக்களின் புனித பூமி. பதினேழாம் நூற்றாண்டில் அவர்களது சடங்குகள் தடைசெய்யப்பட்டன. தெய்வங்கள் புனிதர்களின் திருவுருவங்களுக்குப் பின்னே ஒளிந்துகொண்டன; விழா தொடர்ந்தது. 2001இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பிரகடனம் செய்தது. உலகம் அறிந்தது அதன் பேய் நடனத்தை. அதைப்பற்றி எழுதியோர் பலர்.

நான் சொல்ல வருவது பேய்களுக்குப் பின்னே வருவோரைப் பற்றி. முதலில் கரகரவென்று ஓர் ஓசை. மத்ராக்கா என்னும் கைச்சுழல் கருவிகளை நூற்றுக்கணக்கானோர் ஒரே தாளத்தில் சுழற்றி வருவார்கள். பீப்பாய்போலப் பருத்த, சரிகை பளபளக்கும் கனத்த உடை. அதை அணிந்து துள்ள முடியாது. இடமும் வலமுமாக அசைந்துதான் நடக்கலாம். முகத்தில் கறுத்த முகமூடி: பிதுங்கிய விழிகள், தடித்த உதடுகள், வெளியே தொங்கும் நாக்கு. இதுதான் மொரெனாடா.

மலையுச்சியின் மெல்லிய காற்றில் மூச்சுத் திணறிய ஆபிரிக்க அடிமையின் நாக்கு அது என்கிறார்கள். மத்ராக்காவின் ஓசை அவன் கால் விலங்கின் ஓசையாம். ஆய்வாளர் இதில் உடன்படுவதில்லை. டிட்டிகாக்கா ஏரிக்கரையின் அய்மாரா மக்களிடம் இதன் மூலத்தைத் தேடுவோரும் உண்டு. எனினும் அடிமைகள் வந்தது கதையல்ல. 1545இல் பொட்டோசியில் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட பின் ஆபிரிக்கர் அங்கு கொண்டுவரப்பட்டனர். சுரங்கத்துள் பெரும்பாலும் இறக்கப்பட்டவர்கள் பூர்வகுடிகளே. ஆபிரிக்கர் நாணயசாலையிலும் எசமானர் வீடுகளிலும் உழைத்தனர். பின்னர் யுங்காஸ் பள்ளத்தாக்கின் கொக்காத் தோட்டங்கள் அவர்களை விழுங்கின. 1851இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. தோட்டக் கொத்தடிமைத்தனமோ 1953ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம்வரை நீடித்தது.

இன்று அந்த முகமூடியை அணிபவர் யார்? பெரும்பாலும் நகரத்து வணிகர், வாகன உரிமையாளர் போன்றோர். உடைக்கே பெருந்தொகை வேண்டும். ஒரூரோவின் புகழ்பெற்ற மொரெனாடாக் குழுவொன்றைத் தொடங்கியவர்கள் கொக்கா இலை வியாபாரிகள். யுங்காஸ் தோட்டங்களை நினைத்தால் இது சற்று உறுத்துகிறது. அடிமைகளின் வழித்தோன்றல்களோ தங்கள் ஆடலும் பாடலும் சாயா என்கிறார்கள். 1969இல் லா பாஸ் நகரில் அரங்கேறிய கப்போராலெஸ் நடனத்தைச் சாயா என அழைப்பதை அவர்கள் கண்டித்து வருகிறார்கள். கப்போரால் என்பவன் சாட்டை ஏந்திய கங்காணி. சலங்கை கட்டிய சப்பாத்துடன் அவனாக ஆடுவதில்தான் இன்றைய இளைஞருக்கு மோகம். ஆபிரிக்க பொலிவியரைத் தனி மக்களாக அந்நாட்டு அரசியலமைப்பு ஏற்றதே 2009இல்தான்.

மொரெனாடா என்ற பெயர் மொரேனோவிலிருந்து வந்தது. கருநிறத்தவன் என்று பொருள். அதன் வேர் மோரோ. வட ஆபிரிக்க, அந்தலூசிய முஸ்லிம்களுக்கு ஸ்பானியர் இட்ட பெயர். அதே சொல்லைப் போர்த்துக்கேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்து நமது கரையில் நம் மூதாதையர்மீதும் ஒட்டினர். சோனகர் என்று நாம் சொல்லிக்கொள்ள, ஆங்கில ஏடுகளில் நாம் இன்னும் மூர்தான். பிலிப்பைன்ஸில் மோரோ எனப்பட்டவர்கள் அந்தப் பெயரையே தங்கள் போராட்டக் கொடியாக்கினர். அந்தீஸ் மலையில் அது நிறமாகி, நடனமாகி, பிறர் அணியும் முகமூடியாயிற்று.

ஊர்வலம் ஆலய வாசலை எட்டும்போது மத்ராக்காக்கள் ஓய்கின்றன. நடனக்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டு, மாதாவின் முன் முழந்தாளில் ஊர்ந்து செல்கிறார்கள். அவர்களின் முகங்கள் அப்போதுதான் தெரிகின்றன. கழற்றிய முகமூடிகள் அவரவர் கைகளில், நாக்கு வெளியே தொங்க.