சிறுகனிச் செடித் தோட்டம்

சிறுகனிச் செடித் தோட்டம் என்பது பறவைகள், பட்டாம்பூச்சிகள் முதலியவற்றுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்கும் வகையில், ஒரு பகுதிக்கே உரிய சிறுகனிச் செடிகளை வளர்க்கும் வீட்டுத் தோட்டம் ஆகும். இக்கட்டுரை செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரைப் பகுதிகளுக்கு ஏற்ற செடிகளைப் பற்றியது.

பின்னணி

சோழமண்டலக் கடற்கரையின் இயற்கைக் காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு ஆகும். வேளாண்மை, சவுக்குத் தோப்புகள், மனைப்பிரிவுகள் ஆகியவற்றால் இது பெரிதும் அழிந்து, கோயிற்காடுகளிலும் சில காப்புக்காடுகளிலும் சிறு துண்டுகளாக எஞ்சியுள்ளது. இக்காட்டின் தாவரங்களுள் பல சதைக்கனி தருபவை. அவற்றின் விதைகளைப் பறவைகளும் மரநாய், வௌவால் போன்ற விலங்குகளும் பரப்புகின்றன. காட்டுத் துண்டுகளுக்கு இடையே கனிதரும் செடிகள் இல்லையெனில் இவ்விதைப் பரவல் தடைப்படும். வீட்டுத் தோட்டங்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடும்.

ஏற்ற செடிகள்

* கிளா – முட்செடி. மணமுள்ள வெண்மலர், கரிய கனி. அடர்ந்த முட்புதர் சிறு பறவைகள் கூடு கட்ட உதவும்.
* காரை – முட்செடி; மஞ்சள் நிறக் கனி.
* சங்கஞ்செடி – உவர்மண்ணிலும் வளரும், வெண்ணிறக் கனி. ஆண், பெண் செடிகள் தனித்தனியானவை. ஆதலால் இரண்டையும் நடுதல் வேண்டும்.
* கொஞ்சி – நிழலில் வளரும், இளஞ்சிவப்புக் கனி. கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு இதன் இலை உணவாகும்.
* காயா – நீல மலர், கரிய கனி, மெதுவாக வளரும்.
* பூலா – ஈரமான இடத்திற்கு ஏற்றது.
* சூரை – கொக்கி போன்ற முட்களை உடையது, வேலிக்கு ஏற்றது.

வளர்ப்பு முறை

பழுத்த கனியின் சதையை நீக்கி, விதையை நெடுநாள் வைத்திராமல் விதைத்தல் நன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நாற்றுகளை நட்டால், டிசம்பர் வரை பெரும்பாலும் மழைநீரே போதுமானது. முதல் இரு கோடைகளில் நீர் ஊற்ற வேண்டும். காட்டிலிருந்து செடிகளைப் பிடுங்கி வருதல் கூடாது. நாற்றுப்பண்ணைகளில் வாங்குவதே முறை. பூச்சிக்கொல்லிகளையும் தவிர்க்க வேண்டும். கனியுண்ணும் கொண்டைக்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டுகிறது.

தவிர்க்க வேண்டிய செடி

உண்ணிச்செடியின் கனிகளையும் பறவைகள் விரும்பி உண்கின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட இது, பறவைகளின் வழியாகவே காடுகளுக்குள் பரவி உள்நாட்டுச் செடிகளை நெருக்குகிறது. எனவே, பறவைகள் உண்ணும் என்பது மட்டுமே ஒரு செடியை வளர்க்கப் போதிய காரணம் ஆகாது.

மீட்பு முயற்சிகள்

1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் இக்காட்டுத் தாவரங்கள் நாற்றுகளாக வளர்க்கப்பட்டு, தரிசு நிலத்தில் மீண்டும் காடு உருவாக்கப்பட்டது. சென்னையில் 2011இல் திறக்கப்பட்ட அடையாறு பூங்காவிலும் இவ்வகைச் செடிகள் நடப்பட்டுள்ளன.