ஏரிக்கு முன்னால் ஒரு பாதை: வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல்

கொடைக்கானல் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1863-ல் ஆரம்பிப்பார்கள். அந்த வருடம்தான் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த ஒரு பள்ளத்தின் வாயில் கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். கைக்காசைப் போட்டுத்தான் செய்தார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டு வந்தார். இன்றைக்கு ஏறக்குறைய 60 ஏக்கர் நீர்ப்பரப்பு, சுற்றிலும் 5 கிலோமீட்டர் சாலை, சைக்கிள், குதிரை, மிளகாய் பஜ்ஜி. சென்னைக்காரர்களுக்குக் கொடைக்கானல் என்றாலே இந்த வட்டம்தான்.

எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. அந்தப் படகு எந்த வழியாக மேலே வந்தது? 1863-ல் காட் ரோடு கிடையாது. பத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் சாலைக்குப் பெயர் லாஸ் காட். மேஜர் லா என்பவர் 1870-களில் தொடங்கிய வேலை, கொடைக்கானல் ஊர் வரைக்கும் முழுசாக வந்து சேர 1914 ஆகிவிட்டது. அதாவது ஏரி வெட்டி அரை நூற்றாண்டு வரைக்கும் கொடைக்கானலுக்கு ஏறிய ஒவ்வொரு பொருளும், ஒவ்வொரு துரையும், யாரோ ஒருவருடைய கால்களை நம்பித்தான் ஏறியிருக்கிறார்கள். அந்தக் கால்கள் நடந்த பாதைகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

1821: வார்டு ஏறிய வழி

கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்வேயர் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு. திருவிதாங்கூர், கொச்சி சர்வே பற்றிப் படித்தவர்களுக்கு வார்டு, கானர் என்ற இரட்டைப் பெயர் தெரிந்திருக்கும். அதே வார்டுதான். 1821-ல் அவர் பழனிமலைத் தொடரை அளக்க வந்தார். அன்றைய ஆவணங்களில் இந்த மலைக்கு வராககிரி என்றும் பெயர் உண்டு. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குன்னுவர்களின் ஊரான வெள்ளகவிக்கு ஏறி, அங்கிருந்து இன்றைய கொடைக்கானல் மேட்டுக்கு வந்தார். எழுத்தில் பதிவான முதல் ஐரோப்பிய வருகை இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வார்டு பாதை போடவில்லை. இருந்த பாதையில் நடந்தார். மலையில் பளியரும் குன்னுவரும் ஏற்கெனவே இருந்தார்கள். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் பழைய ஊர்கள். அதற்கும் வெகுகாலம் முந்தியவை தாண்டிக்குடி பக்கத்தில் இன்றும் கிடக்கிற கல்திட்டைகள். செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்லேட் அவற்றை ஆராய்ந்து எழுதியது 1928-ல் தொல்லியல் துறை வெளியீடாகவே வந்தது. ஆக, ஊர் 'கண்டுபிடிக்கப்பட்ட' கதையை நாம் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

வார்டுக்குப் பிறகு 1836-ல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்தார். 1845-ல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் இரண்டு வீடுகள் கட்டினார்கள். முதலில் அவர்கள் பார்த்து வைத்திருந்தது சிறுமலை. அங்கே காய்ச்சல் பிடித்துக்கொண்டது. மதுரையிலோ காலராவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இன்னும் உயரமாக ஒரு இடம் தேடி 2,100 மீட்டருக்கு வந்தார்கள். கொடைக்கானலின் 'சீசன்' பிறந்தது இப்படித்தான். இயற்கைக் காட்சி ரசிக்க யாரும் முதலில் வரவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கீழே இருந்தால் உயிர் தங்காது என்ற பயத்தில் ஏறினார்கள்.

ரயில், மாட்டு வண்டி, நாற்காலி

1870-களின் நடுவில் தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடி வரை போனது. அம்மையநாயக்கனூரில் ஸ்டேஷன் வந்தது. அதுதான் இன்றைய 'கொடைக்கானல் ரோடு'. பெயரைப் பார்த்து இறங்கியவர்களுக்குத் தெரியும், அங்கிருந்து ஊர் இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அன்றைய பயணம் இப்படி: சென்னையில் ரயில் ஏறி அம்மையநாயக்கனூரில் இறங்குவது. அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டி. விடியும்போது பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து செண்பகனூர் வரை சுமார் 12 மைல் செங்குத்துக் குதிரைப் பாதை. வசதி இருந்தவர்கள் குதிரையில் போனார்கள். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள், பருமனான அதிகாரிகள் எல்லோரும் கம்பு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கூலியாட்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். பெட்டி, படுக்கை, பியானோ எல்லாம் தலைச்சுமை. அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் ஊரோடு நேரடித் தொடர்புள்ள ஒரு சுமையும் மலை ஏறியது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய மெட்ராஸ் வானாய்வகம் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு பஞ்சக் கமிஷன் ஒரு யோசனை சொன்னது. சூரியனில் ஏற்படும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்கலாம், அதனால் சூரியனைத் தொடர்ந்து கவனியுங்கள் என்றது. சென்னை வானம் அதற்கு உதவாது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து வானாய்வகத்துக்கு வந்த மிக்கி ஸ்மித், நீலகிரியையும் பழனிமலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-ல் கவர்னர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-ல் ஆய்வகம் அங்கே மாறியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வகம் 1899, சாலை 1914. அப்படியானால் தொலைநோக்கியின் கண்ணாடியும் இரும்பும் மனிதத் தோளிலோ பொதிமாட்டின் முதுகிலோதான் வந்திருக்க வேண்டும். எவர்ஷெட் விளைவு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதற்குக் கீழே பெயர் தெரியாத ஒரு நூறு தோள்கள் இருக்கின்றன.

பாதையில் பருவங்கள்

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நானும் இரண்டு நண்பர்களும் ஒரு ஜனவரியில் இறங்கினோம். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. கிட்டத்தட்ட 1,700 மீட்டர் இறக்கம். எங்களோடு வந்த வெள்ளகவிக்காரருக்கு அறுபது வயது இருக்கும். "ஏத்தத்துல நெஞ்சு பேசும், எறக்கத்துல முட்டி பேசும், மெதுவா வாங்க சார்" என்றார். மறுநாள் திருவல்லிக்கேணியில் என் வீட்டு மாடிப்படி இறங்கும்போது அந்த வாக்கியத்தின் முழு அர்த்தமும் புரிந்தது.

ஜனவரி நல்ல மாதம். விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒன்பது மணிக்குள் உருகிவிடும். மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பி, சோலைக்காட்டு ஈரத்தில் நடந்து, காப்பித் தோட்டங்களுக்குள் வரும்போது ஸ்வெட்டர் இடுப்புக்குப் போய்விடும். கும்பக்கரையில் வேர்த்துக் கொட்டும். ஒரே நாளில் மூன்று பருவங்களைக் கடந்துவிடலாம். மார்ச், ஏப்ரலில் புல் காய்ந்து காட்டுத்தீ பயம். அப்போது பல நாட்கள் அனுமதியே கிடைக்காது.

மழைக்காலக் கணக்கு சுவாரசியமானது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைதான் பழனிமலை. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மூணாறு, ஆனைமலைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தோடுதான் இங்கே வருகிறது. அதனால் ஜூன், ஜூலையில் கொடைக்கானலில் மூடுபனியும் காற்றும் சாரலும்தான் அதிகம். பெரிய மழை நமக்குப் போலவே அக்டோபர், நவம்பரில், வடகிழக்கிலிருந்து வருகிறது. மெட்ராஸ்காரருக்குப் பழகிய காலண்டர் அது, மழை விழும் இடம் மட்டும் சரிவு. அந்த மாதங்களில் பாதையில் அட்டை, வழுக்கல், மண்சரிவு. கும்பக்கரையில் திடீர் வெள்ளம் வந்தால் அருவியை மூடிவிடுவார்கள்.

2018 இந்தக் காலண்டரை ஒரே வருடத்தில் காட்டியது. அந்த வருடம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் குறிஞ்சி பூத்தது. இதற்கு முந்தைய பூப்பு 2006, அடுத்தது 2030. பூ முடிந்து சில வாரங்களில், நவம்பர் 16-ம் தேதி, கஜா புயல் கரை கடந்து மலைக்கு வந்தது. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டு ஊர் பல நாட்கள் இருட்டில் கிடந்தது. இன்று அங்கே இருக்கும் மரங்களில் பெரும்பகுதி வந்தேறிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1852 வாக்கில் மேஜர் பார்ட்ரிட்ஜ் கொண்டு வந்த ஆஸ்திரேலிய யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள்தான் ஆரம்பம். வார்டு பார்த்தது புல்வெளி மேடுகளும் மடிப்புகளில் சோலைகளும்.

சாலை வந்தபோது நடந்தது

1914-ல் காட் ரோடு முடிந்ததும் போக்குவரத்து மொத்தமும் வடக்கு, கிழக்குப் பக்கமாகத் திரும்பியது. என் தொழில் பாஷையில் சொன்னால், டிராஃபிக்கை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள், பழைய நோடுகளை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளகவி அப்படித் தனித்து விடப்பட்ட ஒரு நோடு.

மலைக்கு வாசலாக இருந்த ஊர், மலையிலேயே எட்டாத ஊராகிவிட்டது. கொடைக்கானல் ஏரியிலிருந்து ஆகாய வழியில் பார்த்தால் சில கிலோமீட்டர்தான். ஆனால் சமீப காலம் வரைக்கும் வண்டி போகும் வழி கிடையாது. அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரையிலோ தலையிலோ போனது. கீழே இறங்கியது காப்பியும் அவகாடோவும். ஊருக்குள் செருப்புப் போடக்கூடாது. கோயில்களும் வீடுகளும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். நாங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தோம்.

உடம்பு சரியில்லை என்றால்? கேட்டேன். "டோலிதான் சார். போர்வையைக் கம்புல கட்டி நாலு பேரு தூக்குவோம். புள்ளத்தாச்சின்னா ஆறு பேரு" என்றார் அவர்.

1890-ல் துரைசானி நாற்காலியில் போனார். சாலை வந்ததும் நாற்காலி நின்றது. ஆனால் தோள்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. தூக்கியவர்களின் சொந்தக்காரர்களே தங்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு இன்னொரு நூறு வருடம் நடந்திருக்கிறார்கள். ஏரியைச் சுற்றி எழுதப்படும் வரலாற்றில் இந்த நூறு வருடம் ஒரு வரிகூட இல்லை.

தண்ணீர் போகும் வழி

மேலே பாம்பார் சோலை. அந்த ஓடைதான் இறங்கிக் கும்பக்கரை அருவியாகி வைகைப் பக்கம் போகிறது. அந்தச் சோலைக்கு மேல் விளிம்பில்தான் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 1980-களிலிருந்து இயங்கியது. பாதரசக் கழிவு கலந்த கண்ணாடி ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001-ல் வெளியே வந்து, அதே வருடம் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல், 15 வருடம் கழித்து. இந்த மலையில் மேலே செய்வது மேலேயே தங்காது. கால்கள் ஏறிய சரிவில்தான் தண்ணீரும் இறங்குகிறது.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சீசனில் ஏறும் வண்டிகளை மலை தாங்கவில்லை என்பதால் வந்த ஏற்பாடு. ஒரு பக்கம் வண்டி அதிகமாகி அதை எண்ணுகிறோம். இன்னொரு பக்கம், 1821-ல் சர்வேயருக்கு வழி விட்ட ஊர் ஒரு ஆம்புலன்ஸ் வர வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக மனுக் கொடுத்திருக்கிறது.

சாலை போட்டால் காடு கெடும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் காட்டைக் காப்பாற்றும் சுமையையும் அதே தோள்களில் ஏற்றுவது சரியா என்று அவர்களிடம் கேட்பேன். சுற்றுலாச் சாலை வேறு, ஒரு ஜீப் மட்டும் போகும் ஊர்ப் பாதை வேறு. வாசலில் ஒரு சங்கிலிக் கதவும் ஒரு வனக்காவலரும் இருந்தால் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற முடியும். பேரிஜம் ஏரிக்குத் தினமும் எண்ணி எண்ணி வண்டி விடுகிற வனத்துறைக்கு இது புதிய வேலை இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. அனுமதி, வழிகாட்டி இரண்டும் கட்டாயம். வழிகாட்டியாக வெள்ளகவிக்காரரையே அழைத்துக்கொள்ளுங்கள், பேசிய கூலிக்கு மேலே கொஞ்சம் கொடுங்கள். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், அதன் சர்க்கரையை யாரோ சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.