ஸ்டௌபன்பேர்க் வீட்டுப் பிள்ளைகள்

'வல்கிரி' படத்தில டொம் குரூஸ் ஒரு கண்ணை மறைச்சுக்கொண்டு வருவாரே, அந்தக் கேணல் கிளவுஸ் பொன் ஸ்டௌபன்பேர்க்கை எங்களில் பலருக்குத் தெரியும். 1944 யூலை 20 அன்று ஹிட்லரின் கூட்ட அறையில் குண்டு வைத்தவர். ஹிட்லர் தப்பினார். நள்ளிரவு தாண்டியதும் பேர்லினில் இவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

1907இல் பிறந்த இந்தக் கத்தோலிக்கப் பிரபு, தொடக்கத்திலேயே நாசி எதிர்ப்பாளர் இல்லை. 1939இல் போலந்திலிருந்து மனைவி நீனாவுக்கு எழுதிய கடிதத்தில் அங்கத்தைய மக்களை, யூதர்களை, இழிவாகத்தான் எழுதினார். இதை மறைச்சு அவரைக் கும்பிட எங்களுக்கு மனமில்லை. கிழக்கில் நடந்த படுகொலைகள்தான் அவரை மாற்றின. 1943இல் துனீசியாவில் வலக்கையும் இடக்கண்ணும் இடக்கையில் இரண்டு விரல்களும் போயின. மிஞ்சிய மூன்று விரலால்தான் குண்டைத் தயார்செய்தார்.

ஆனா நாங்கள் சொல்ல வந்தது வீட்டுக் கதையை. அப்போது நான்கு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பத்து, கடைக்குட்டிக்கு மூன்று. நீனா கர்ப்பிணி. மறுநாள் அவர் மூத்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, குண்டு வைத்தது அப்பாதான், அவர் பிழை விட்டிட்டார் எண்டு சொன்னார். பிள்ளைகளை விசாரித்தால் அவர்கள் வாயிலிருந்து வேறெதுவும் வரக்கூடாதல்லவா? ஒரு தாய் எதையெல்லாம் சொல்லவேண்டி வருகுது பாருங்கோ.

ஒருவர் செய்ததுக்கு முழுக் குடும்பத்தையும் தண்டிப்பது நாசிகளின் வழக்கம். அந்தக் குடும்பமே கடைசி ஆள்வரை அழியவேணும் எண்டார் ஹிம்லர். சதியில் பங்கெடுத்த அண்ணன் பேர்தோல்டைத் தூக்கிலிட்டார்கள். நீனாவை ராவன்ஸ்புறூக் முகாமில் தனியறையில் அடைத்தார்கள். அவருடைய தாய் முகாமிலேயே இறந்துபோனார். பிள்ளைகளை பாட் சாக்ஸா என்ற ஊரில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோய், பெயரை 'மைஸ்டர்' எண்டு மாத்தினார்கள். சொந்தப் பெயரே இல்லாமல் போச்சு!

மற்ற அண்ணன் அலெக்சாண்டரின் மனைவி மெலிற்றா ஒரு விமானி. யூத வம்சாவளித் தகப்பனின் மகள். விமானப் பரிசோதனைக்கு அவர் தேவைப்பட்டதால் அவரை மட்டும் விடுவித்தார்கள். 1944 நத்தாருக்குப் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்தவர் அவர்தான். 1945 ஏப்ரலில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது.

யுத்தம் முடிந்தபின், யூனில் அப்பம்மாவின் சகோதரி வந்து பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஆனாலும் கனகாலத்துக்குப் பல ஜேர்மனியருக்கு அவர்களின் தகப்பன் துரோகிதான். மூத்த மகன் பிறகு மேற்கு ஜேர்மன் இராணுவத்தில் ஜெனரல் தரம்வரை போனார். நீனா மறுமணம் செய்யவில்லை; 2006இல், 92 வயதில் காலமானார். 1945 ஜனவரியில், தாய் கைதியாக இருக்கும்போதே பிறந்த கொன்ஸ்டான்ஸ தகப்பனைக் கண்டதில்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய புத்தகம் தாயைப் பற்றியது.