முதல் ஸ்கேன்ல ‘ஹார்ட் பீட் இன்னும் வரலை’னு சொன்னா பயப்படணுமா?

கிட்டில் ரெண்டு கோடு வந்தாச்சு. ‘ஆறு, ஏழு வாரத்துல ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்’ என்கிறார் டாக்டர். உடனே இன்டர்நெட்டில் கை காலை ஆட்டும் குழந்தைப் படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். ஆறாவது வாரத்தில் கருவின் நீளம் சில மில்லிமீட்டர்தான். திரையில் ஒரு கறுப்பு வட்டம், அதன் ஓரமாகச் சின்னதாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான் தெரியும்.

கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, இல்லை கருக்குழாயில் தங்கிவிட்டதா என்று உறுதிசெய்வதுதான் இந்த ஸ்கேனின் முக்கிய வேலை. ஒன்றா, ரெட்டையா, எத்தனை வாரம் என்பதும் இதில் தெரிந்துவிடும்.

பலரும் தயங்குவது, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனுக்குத்தான். கருவுக்கு மிக அருகில் இருந்து பார்ப்பதால் படம் தெளிவாக இருக்கும். ஆணுறையும் ஜெல்லும் போட்ட மெல்லிய கருவியை உள்ளே வைப்பார்கள். கொஞ்சம் அசௌகர்யமாக இருக்கலாம், கருவுக்குப் பாதிப்பில்லை. யூரின் போய்விட்டு வரச் சொல்வார்கள். வயிற்றின் மேல் எடுப்பதாக இருந்தால் உல்டா: தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எந்த ஸ்கேன் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ‘கூட ஒரு லேடி ஸ்டாஃப் இருக்கட்டும்’ எனத் தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது ஹார்ட் பீட் விஷயம். கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்துதான் வாரக் கணக்கு. பி.சி.ஓ.டி இருந்தாலோ, சுழற்சி ஒழுங்காக இல்லை என்றாலோ, கரு உண்டானதே தாமதமாக இருக்கலாம். காலண்டரில் ஏழு வாரம், உள்ளே ஐந்தரை வாரம்! துடிப்பு பொதுவாக ஆறாவது வாரத்தையொட்டித்தான் தெரியும். உள்வழி ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தும் துடிப்பு இல்லை என்றால்தான் கவலைக்குரியது. அதற்குக் குறைவாக இருந்தால், ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. அந்த நாள்கள் நரகம்தான், ஆனாலும் ஒரே ஸ்கேனை வைத்து அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்.

ஒருபக்க அடிவயிற்று வலி, ரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி இருந்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஸ்கேன் சென்டரில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பாலினம் கேட்க மாட்டேன் என்பதற்கான உறுதிமொழி அது. 1994-ம் ஆண்டு சட்டப்படி கேட்பதும் சொல்வதும் குற்றம். அடுத்து 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி ஸ்கேன் வரும். கை, கால் எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.