ஓமக்குளத்துப் பள்ளிக்கூடம்

உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார், காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார். உலோகசாரங்க முனிவர் அவரைத் தோள்மீது சுமந்து திருவரங்கக் கோயிலுக்குள் கொண்டு சென்றார் என்பது திருச்சிராப்பள்ளியில் பிறந்தோர் இளமையிலேயே கேட்கும் வரலாறு. தில்லையிலோ ஆதனூர் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்பே உள்ளே புகுந்தார் என்பர். ஒருவர் அரங்கனோடும் மற்றவர் நடராசரோடும் கலந்தனர். இருவரும் சேரிக்குத் திரும்பி வந்ததாகக் கதை இல்லை.

இக்கதையின் மறுபாதியை எழுதியவராகவே சுவாமி சகஜானந்தரை நாம் கருதுகிறோம். அவர் 1890ஆம் ஆண்டு ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் எளிய ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் சில வகுப்புகள் பயின்றார். பின்னர் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். உள்ளம் துறவை நாடியது. வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளை அடைந்து, சகஜானந்தர் என்னும் பெயர் பெற்று, 1910ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

தமிழும் வடமொழியும் கற்ற துறவி அவர். மடத்தில் அமர்ந்து சமய நூல்களுக்கு உரை சொல்லியே காலம் கழித்திருக்கலாம். அதற்கும் மதிப்பு இருந்தது. ஆனால் 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஓமக்குளம் பகுதியில் இருபத்தைந்து மாணவர்களுடன் பள்ளி தொடங்கினார். நந்தனார் தீப்புகுந்த இடம் என்று சொல்லப்படுவதும் அவ்விடமே. அங்கே அவர் வளர்த்தது வேள்வித் தீயன்று.

அக்காலத்தில் ஊர்ப் பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் இருந்தன. நம் பிள்ளைகள் அத்தெருவிலேயே நடக்க இயலாதபோது வகுப்பில் அமர்வது எங்ஙனம்? சென்னையில் கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டிலேயே பஞ்சமர் பள்ளி திறந்திருந்தார். அவரும் படைப்பணியும் வழக்கறிஞர் தொழிலும் பார்த்த பின்னரே இத்துறைக்கு வந்தவர் என்பதை இளைஞர்கள் கருத வேண்டும். ஆனால் தென்னார்க்காட்டின் கூலிக்குடிப் பிள்ளைக்குப் பள்ளி மட்டும் போதாது. உண்ணச் சோறும் உறங்க இடமும் வேண்டும். பண்ணை வேலைக்கு இழுத்துச் செல்வோரின் கண்ணில் படாத தொலைவும் வேண்டும். ஆகவே பள்ளியோடு மாணவர் விடுதியும் அமைந்தது. பெண்களுக்கெனத் தனிப் பள்ளியும் பின்னர் ஏற்பட்டது.

1926ஆம் ஆண்டு முதல் அவர் சென்னைச் சட்டசபையிலும் இடம்பெற்றார். 1959ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் மறைந்தபோதும் சட்டமன்ற உறுப்பினராகவே இருந்தார். பதவி வந்த பின்னும் அவர் விட்டுவிடாதது அந்தப் பள்ளியையே.

திருச்சியிலிருந்து தஞ்சை, மயிலாடுதுறை வழியாக இரயிலேறினால் சிதம்பரம் சில மணி நேரப் பயணந்தான். நம் இளைஞர்கள் சென்று காண வேண்டும். நந்தனார் பெயரை ஆண்டவன் சந்நிதியில் மட்டும் தேடாமல், வருகைப் பதிவேட்டிலும் கண்டு வரவேண்டும்.

நம்மிலும் பொன்மலைப் பணிமனையிலும் திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிவோர் பெருகியுள்ளனர். பலர் சேரியை விட்டுப் புதிய குடியிருப்புகளுக்குச் சென்றுவிட்டனர். சென்றது தவறென்று நாம் சொல்லோம். வேலையை விட்டுவிட்டுத் துறவு கொள்ளும்படியும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை வந்தால் போதும். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் ஆறாம் வகுப்புக் கணக்குக்கு இன்னும் ஆள் இல்லை.