பி. எஸ். ஜான்சன்: நாவலைப் பெட்டிக்குள் வைத்தவர்

பிரையன் ஸ்டான்லி வில்லியம் ஜான்சன் (1933–1973) ஆங்கில நாவலாசிரியர், கவிஞர், கால்பந்துச் செய்தியாளர், திரைப்பட இயக்குநர். எழுதிய நாவல்கள் 7. கடைசி நாவல் அவர் இறந்த பிறகே அச்சேறியது. பக்கத்தில் ஓட்டை போட்டவர், புத்தகத்தைக் கட்டாமல் தாள்களாகப் பெட்டியில் போட்டு விற்றவர் என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். வேடிக்கை காட்டுவதற்காக அவர் இவற்றைச் செய்யவில்லை என்பதற்கு நாவல்களே சாட்சி. அவர் எடுத்த படங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகும்.

1933 பிப்ரவரி 5 அன்று மேற்கு லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் உழைக்கும் குடும்பம் ஒன்றில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். அப்பா, சமய நூல்கள் விற்கும் நிறுவனத்தில் இருப்புக் கணக்குப் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் குழந்தைகளை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். ஜான்சனும் அப்படி அனுப்பப்பட்டார். வீட்டைப் பிரிந்த அந்த வருடங்களின் காயம் கடைசிவரை ஆறவில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டவர்களின் நினைவுகளைத் திரட்டி 1968இல் ‘தி இவாக்யூவீஸ்’ என்ற தொகுப்பை அவரே வெளியிட்டார்.

மேல்நிலைப் பள்ளிக்கு மாணவர்களைத் தரம்பிரிக்கும் 11 வயதுத் தேர்வில் தேறவில்லை. 16 வயதில் பள்ளியை விட்டுக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலைக்குப் போனார். லத்தீன் கற்று, 23ஆவது வயதில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். பிறகு லண்டன் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர் வேலை. வார இறுதிகளில் ‘அப்சர்வர்’ இதழுக்குக் கால்பந்துச் செய்தி. இந்த வேலை ஒவ்வொன்றும் ஏதாவதொரு நாவலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவருடைய கொள்கை பிடிவாதமானது: கற்பனைக் கதை சொல்வது பொய் சொல்வதுதான். நாவல் என்பது ஒரு வடிவம். அந்த வடிவத்துக்குள் உண்மையையே எழுதலாம், எழுத வேண்டும். 1973இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில் இதற்கு அவர் காட்டிய ஆதாரம் சுவையானது. டப்ளின் நகரில் 1909இல் திரையரங்கு திறக்க முன்நின்றவர் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ். கதை சொல்லும் வேலையைச் சினிமா எடுத்துக்கொள்ளப் போகிறது என்பது ஜாய்ஸுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இனி மனதுக்குள் நடப்பதை எழுதுவதே நாவலின் வேலை என்றார் ஜான்சன். இப்படிச் சினிமாவிடம் கதையை ஒப்படைத்தவர், தானே படம் எடுக்க வந்தபோது அங்கும் கதை சொல்லவில்லை!

முதல் நாவல் ‘டிராவலிங் பீப்பிள்’ 1963இல் வந்தது. மறு ஆண்டு வந்த ‘ஆல்பர்ட் ஏஞ்சலோ’வின் நாயகன், கட்டடக் கலைஞனாக விரும்பித் தற்காலிக ஆசிரியராகக் காலம் தள்ளுபவன். முடிவை நெருங்கும்போது எழுத்தாளர் குறுக்கே புகுந்து, இதெல்லாம் பொய், நான் சொல்ல வந்தது என்னைப் பற்றித்தான் என்று கத்திவிடுகிறார். ஓட்டை போட்ட பக்கங்கள் இதில்தான் உள்ளன: பின்னால் வரப்போகும் ஒரு கத்திக்குத்தை அவற்றின் வழியே முன்கூட்டியே படித்துவிடலாம். பழுதான பிரதி என்று எண்ணிக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்களாம். ஆஸ்திரேலியச் சுங்க அதிகாரிகளோ ஆபாசமான பகுதியை வெட்டி எடுத்துவிட்டதாகச் சந்தேகப்பட்டார்களாம். ஜான்சனே சொன்னது இது. அதே 1964இல், சியால்கோட்டில் பிறந்த நண்பர் சுல்ஃபிகர் கோஸுடன் சேர்ந்து ஒரு சிறுகதைத் தொகுப்பும் வெளியிட்டார்.

‘ட்ரால்’ (1966) நாவலுக்காக பேரண்ட்ஸ் கடலுக்குப் போகும் மீன்பிடிக் கப்பலில் உண்மையிலேயே ஏறிப்போனார். வாந்தியும் தனிமையுமாகக் கழிந்த அந்த நாட்களே நூல். இதைத் தன்வரலாறு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாவல்தான் என்று வாதிட்டார். அதற்கு சாமர்செட் மாம் விருது கிடைத்தது.

1969இல் வந்த ‘தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்’தான் அந்தப் பெட்டி நாவல். கால்பந்தாட்டம் பற்றி எழுத ஒரு நகரத்துக்குப் போகிறார் செய்தியாளர். ரயிலைவிட்டு இறங்கிய பிறகுதான் உறைக்கிறது: புற்றுநோயில் இளம்வயதில் இறந்துபோன நண்பர் டோனி வாழ்ந்த ஊர் அது. ஜான்சனுக்கு நாட்டிங்காமில் நேர்ந்த அனுபவம் இது. மொத்தம் 27 பகுதிகள். முதலும் கடைசியும் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். இடையிலுள்ள 25ஐயும் சீட்டுக்கட்டு போலக் கலைத்து எந்த வரிசையிலும் படிக்கலாம். சில பகுதிகள் ஒரே பத்தி, சில பல பக்கங்கள். அந்த ஆட்டத்தின் செய்தி பெட்டியின் உட்புறத்தில் அச்சாகியிருக்கிறது. ஆட்டத்துக்கு வரிசை உண்டு, விசில் உண்டு. நினைவுக்கு அவை இல்லை. ஒரு பகுதியில் நண்பர் இறந்துகொண்டிருப்பார், அடுத்துக் கையில் எடுத்ததில் நலமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். கட்டிய புத்தகத்தில் இந்த வலி இதே வகையில் வந்திருக்காது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வரிசை மாறாமலே இருப்பது குறைதான். ஆனாலும் அவருடைய உத்திகளில் மிகப் பொருத்தமானது இதுவே.

‘ஹவுஸ் மதர் நார்மல்’ (1971) முதியோர் இல்லத்தின் ஒரு மாலைப் பொழுதை ஒவ்வொருவர் மனத்திலிருந்தும் சொல்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் நினைப்பதெல்லாம் அவரவர் பகுதியில் ஒரே இடத்தில் வரும். நினைவு தேய்ந்தவரின் பக்கங்களில் வெற்றிடமே மிகுதி.

திரைப்படத்துக்கு அவர் வந்தது 1967இல். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் உதவியோடு எடுத்த ‘யூ ஆர் ஹியூமன் லைக் த ரெஸ்ட் ஆஃப் தெம்’ என்ற குறும்படத்தில், தனக்கும் சாவு உண்டு என்று திடீரென உணரும் ஆசிரியர் அதை வகுப்பறையில் பிள்ளைகளிடம் போட்டு உடைக்கிறார். வசனம் முழுக்கச் செய்யுள் நடை. பிரான்ஸின் தூர் விழாவிலும் மெல்போர்னிலும் முதல் பரிசு பெற்றது. ‘பாரடைம்’ (1969) படத்தில் ஒரு மனிதர் எந்த நாட்டிலும் இல்லாத மொழியில் பேசுகிறார். வயது ஏற ஏறப் பேச்சு குறைகிறது.

பிபிசிக்காகக் கட்டடக் கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதியைப் பற்றி 1970இல் ஓர் ஆவணப்படம் செய்தார். பிரதமர் எட்வர்ட் ஹீத் அரசின் தொழிலுறவுச் சட்டத்தை எதிர்த்துத் தொழிற்சங்கத்துக்காக எடுத்த ‘மார்ச்!’, ‘அன்ஃபேர்!’ ஆகியவை கலைநயம் பற்றிக் கவலைப்படாத போராட்டப் படங்கள்.

இவற்றையெல்லாம் விஞ்சியது ‘ஃபேட் மேன் ஆன் எ பீச்’. வேல்ஸின் லீன் தீபகற்பக் கடற்கரையில் 1973இல் மைக்கேல் பேக்வெல் இயக்கியது. சுமார் 40 நிமிடம். பருத்த உடம்போடு ஜான்சன் மணலில் நின்று கதையளக்கிறார், கவிதை படிக்கிறார், கோமாளித்தனம் செய்கிறார், நடுவே ஒரு சாலை விபத்தின் கோரத்தையும் சொல்லிவிடுகிறார். படம் எடுப்பதையே கேலி செய்யும் படம் அது. நாவல்களில் இறுகிய முகத்தோடு தெரிபவர் இதில் நம்மோடு உட்கார்ந்து பேசுகிறார். முடிவில் உடுத்திய உடையோடு கடலுக்குள் நடந்துபோகிறார்.

அதே ஆண்டு வெளிவந்த ‘கிறிஸ்டி மால்ரிஸ் ஓன் டபுள் என்ட்ரி’ அவருடைய நாவல்களிலேயே அதிகம் சிரிக்கவைப்பது. சமூகம் தனக்குச் செய்த தீங்குகளைப் பற்றிலும், தான் தீர்க்கும் பழியை வரவிலும் எழுதிப் பேரேடு வைத்துக்கொள்ளும் குமாஸ்தாவின் கதை. கணக்கை நேர்செய்ய லண்டனின் குடிநீரில் விஷம் கலந்து 20,000 பேருக்கு மேல் கொல்கிறான். பழைய கணக்குப் பிள்ளை வேலை வீண்போகவில்லை.

1973 நவம்பர் 13 அன்று, 40ஆவது வயதில், ஜான்சன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். கடற்கரைப் படம் அதன் பிறகே ஒளிபரப்பானது. தாயைப் பற்றித் திட்டமிட்டிருந்த மூன்று நாவல்களில் முதலாவதான ‘சீ த ஓல்ட் லேடி டீசன்ட்லி’ 1975இல் வந்தது. பிறகு பல ஆண்டுகள் அவர் நூல்கள் கடைகளில் கிடைப்பதே அரிதாயிற்று. 1999இல் பெட்டி நாவலின் மறுபதிப்பு வந்தது. நாவலாசிரியர் ஜோனதன் கோ எழுதிய வாழ்க்கை வரலாறு 2005இல், அபுனைவு நூல்களுக்கான சாமுவேல் ஜான்சன் பரிசை வென்றது. 2013இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அவருடைய படங்களைத் திரட்டி வட்டாக வெளியிட்டது.