யானை வேட்டையும் உடற்கூற்றறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

காலனித்துவக் கால வேட்டை நூல்கள் பெரும்பாலும் வீரக்கதைகளாகவே படிக்கப்பெற்று வந்துள்ளன. விலங்கின் உடலமைப்பு பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றுக்கும் அவை சான்றாகும் என்று நாம் கருதுகிறோம். யானை வேட்டை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

யானையின் தலை பெரிது; ஆயின் அதன் மூளை ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையே உடையது. அது மண்டையோட்டின் பின்பகுதியில் தாழ்வாக அமைந்துள்ளது. அதன் முன்னும் மேலும் உள்ள எலும்பு தேனடை போன்ற காற்றறைகளால் ஆனது. அவ்வறைகளை மட்டும் துளைத்துச் செல்லும் குண்டு யானையை வீழ்த்துவதில்லை. காயத்துடன் காட்டுக்குள் ஓடவே செய்கிறது.

இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், தம் அனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். அங்கு நெற்றியைக் குறிவைத்து யானைகளை வீழ்த்திப் பழகிய அவருக்கு, பின்னர் ஆப்பிரிக்காவில் அம்முறை கைகொடுக்கவில்லை. ஆப்பிரிக்க யானையின் தலையமைப்பு வேறானது என்பதை 1867இல் வெளிவந்த நூலில் அவர் பதிவு செய்தார். ஓரினத்தைக் கொண்டு பெற்ற அறிவு மற்றோரினத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

இச்சிக்கலுக்குத் தெளிவான விடை கண்டவர் ஸ்காட்லாந்தியரான வால்டர் பெல். அவர் யானையின் மண்டையோட்டை நெடுக்காக அறுத்து மூளையின் இருப்பிடத்தை ஆராய்ந்தார். எத்திசையில் நின்று எங்குக் குறிவைக்க வேண்டும் என்பதை 1923இல் வெளிவந்த தம் நூலில் படங்களுடன் விளக்கினார். பிறர் பெருங்குண்டுத் துப்பாக்கிகளை நம்பியிருந்த காலத்தில், 7 மில்லிமீட்டர் துப்பாக்கியே அவருக்குப் பெரும்பாலும் போதுமானதாயிற்று.

குறி தவறாவிடின் விலங்கு துன்புறாமல் இறக்கும் என்பது வேட்டையாடுவோர் கூறும் நியாயம். அதில் உண்மை உண்டு. ஆயினும் தந்தத்துக்காகப் பெல் கொன்ற யானைகள் 1,011 என அறிகிறோம். ஒவ்வொரு யானையின் வேதனையையும் குறைத்த அறிவே, பல யானைகளைக் கொல்வதையும் எளிதாக்கிற்று.

எனினும் பழியை அறிவின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. இலங்கையின் வடமாகாணத்தில் 1848க்கு முந்தைய மூன்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ 3,500 யானைகள் கொல்லப்பட்டன. அப்போது பெல்லின் வரைபடங்கள் இல்லை. அரசு வழங்கிய பரிசுத்தொகை இருந்தது. கொல்லும் முறையை உடற்கூற்றறிவு வகுத்தது. கொல்லப்படும் தொகையைப் பரிசும் தந்தச் சந்தையும் வகுத்தன. இவ்விரண்டையும் பிரித்தறிந்து படிக்கும்போதே, வேட்டை நூல்கள் நம்பத்தக்க வரலாற்றுச் சான்றுகளாகும் என்பது நம் துணிபு.